வளைவில் விலகும் முன்சக்கரங்கள்

கேள்வி: ஆட்டோகிராஸ் ஓட்டத்தில் கூம்புகளைச் சுற்றும்போது என் காரின் முன்பக்கம் திரும்பாமல் விலகி ஓடுகிறது, முன் டயர்களின் வெளிவிளிம்பு மட்டும் தேய்கிறது. ஸ்பிரிங்கை மாற்றலாமா?

பதில்: அவ்வளவு செலவு செய்யுமுன் சக்கரங்களின் கோணங்களைச் சீர்படுத்திப் பாருங்கள். வளைவில் கார் சாயும்போது வெளிப்புறச் சக்கரமும் உடன் சாய்வதால், பாரத்தின் பெரும்பகுதி டயரின் வெளிவிளிம்பிலேயே விழுகிறது. மேலும் கீழும் இரு கரங்கள் தாங்குகிற மாஸ்டா மியாட்டா போன்ற கார்களில், சக்கரம் மேலெழும்போது தானே ஓரளவு உட்சாய்ந்து இக்குறையை ஈடுசெய்துகொள்கிறது. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைந்த கார்களிலோ அந்தச் சகாயம் சொற்பமாகையால், நின்ற நிலையிலேயே 2 முதல் 3 டிகிரி வரை நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி உட்சாய்ந்த நிலை, வைப்பது பெரும்பாலும் அவசியமாகிறது.

அடுத்து, முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 2 மில்லிமீட்டர் அளவுக்கு டோ-அவுட்டாக, அதாவது முன்னோரங்கள் வெளிநோக்கியவாறு, இருக்குமானால், ஸ்டீயரிங்கைத் திருப்பிய க்ஷணமே வண்டி இணங்கித் திரும்பும். பின்சக்கரங்களுக்கோ இதற்கு நேர்மாறாகச் சிறிது டோ-இன் கொடுப்பதே ஸ்திரத்தன்மைக்கு உகந்தது. கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடுமாதலால், எப்போதும் கேம்பரை முதலிலும் டோவைக் கடைசியிலும் சரிசெய்யுங்கள்.

பரீட்சிப்பதும் எளிதே. டயரின் ஓரத்தில் சாக்பீஸால் குறுக்குக் கோடிட்டு ஒருமுறை ஓட்டிவந்தால், கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருக்கிறதா என்பதைக் கொண்டு, டயர் எவ்வளவு புரண்டது என்று பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். காற்றழுத்தம் குறைந்தாலும் இவ்விதமே நேருமாதலால் அதை முதலில் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம் செய்து, அதன் பலனை உடனுக்குடன் எழுதி வையுங்கள்.