சூடாகும் கொனெக்டர்: வெல்டிங் தொழிலாளருக்கு ஒரு பாடம்

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலும், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வீதியோரப் பட்டறைகளிலும் வெல்டிங் வேலை பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் கடலோரத்தில் உப்புக் காற்றும் ஈரமும் செம்பை அரிக்கின்றன. வெல்டிங் மெஷினில் அவை எளிதில் தாக்கும் இடம் கேபிள் முனையிலுள்ள கொனெக்டர்.

கடனுக்கு மெஷின் வாங்கிய இளைஞன் ஒருவன் என்னிடம் வந்தான். "மெஷின் பழுது. கம்பி ஒட்டிக்கொள்ளுது. அம்பியரைக் கூட்டியும் சரிவருதில்லை" என்றான். புதிய மெஷினுக்கு இன்னொரு கடன் எடுக்கவும் ஆயத்தமாக இருந்தான். போய்ப் பார்த்தோம். மெஷினில் குறையில்லை. கொனெக்டரின் ரப்பர் உருகி, உள்ளே செம்பு கறுத்திருந்தது.

ஏன் சுடுகிறது?

களிம்பு பிடித்த அல்லது தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடும். அத்தடை 0.02 ஓம் என்று வைப்போம். 3.2 மி.மீ. கம்பிக்கு 120 அம்பியர் ஓடும்போது, 120 × 120 × 0.02 = 288 உவாற்று அங்கே வெப்பமாகிறது. இது ஏறக்குறைய ஐந்து 60 உவாற்று மின்குமிழ்களின் சக்தி. மின்வில்லுக்குத் தேவையான சுமார் 25 வோல்ற்றில் 2.4 வோல்ற்று வழியிலேயே போய்விடுகிறது. அம்பியரைக் கூட்டினால் இணைப்பு இன்னும் வேகமாக எரியும்.

மாற்றும் முறை

1. மெஷினை நிறுத்தி, சுவரிலுள்ள பிளக்கையும் கழற்றுங்கள்.

2. கேபிளின் தடிப்புக்கு ஏற்ற கொனெக்டரை வாங்குங்கள். 10–25, 35–50 என அதில் பொறித்திருப்பது கேபிளின் சதுர மில்லிமீற்றர் அளவு.

3. ரப்பர் உறையை முதலில் கேபிளில் மாட்டுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

4. பழைய முனையை வெட்டுங்கள். கறுப்போ பச்சையோ தெரிந்தால், பளபளக்கும் செம்பு வரும்வரை மேலும் வெட்டுங்கள். ஒரு அடி கேபிள் போனாலும் நட்டமில்லை.

5. செம்பு இழைகளை அறுக்காமல், கொனெக்டரின் துளை ஆழத்துக்கு மட்டும் மேலுறையைச் சீவுங்கள். செப்புத் தகடு தந்திருந்தால் இழைகளைச் சுற்றி வையுங்கள். துளையில் செருகித் திருகாணியை இறுக்குங்கள். பலமாக இழுத்துப் பாருங்கள்; அசையக் கூடாது.

6. ரப்பரை மூடி, மெஷினில் செருகி, இறுகும்வரை வலப்புறம் திருப்புங்கள். அரைகுறையாகப் பூட்டினால் புதியதும் எரியும்.

சில நாள் வேலை செய்தபின் மெஷினை நிறுத்தி, திருகாணியை மீண்டும் இறுக்குங்கள். செம்பு இழைகள் அமர்ந்து இடம் விடும். ஏர்த் கேபிளையும் இவ்வாறே பாருங்கள். கிளாம்பு பிடிக்கும் இடத்தில் துருவையும் பெயின்ற்றையும் சுரண்டுங்கள்.

எச்சரிக்கை

கம்பி எரியாதபோதும் ஹோல்டரில் 50 முதல் 80 வோல்ற்று வரை நிற்கும். வியர்வையில் நனைந்த உடலுக்கு இது உயிராபத்து. ஐப்பசி முதல் தை வரையான மாரியில் நனைந்த நிலத்தில் வேலை செய்யாதீர்கள். செம்பு வெளித்தெரியும் கேபிளுக்கு ரேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். 230 வோல்ற்றுப் பக்க வேலையை மின்னியலாளரிடம் விடுங்கள்.

கலந்துரையாடுவோம்

• உங்கள் பட்டறையில் கடைசியாகக் கேபிள் முனைகளைப் பார்த்தது எப்போது?

• சிறு பழுதைக் கண்டறியாமல் பெருஞ்செலவு செய்த அனுபவம் உண்டா?

• வேலை பழகும் பையனுக்கு இதை யார் சொல்லிக் கொடுக்கிறார்?