அச்சகத்துக்கு பைல் கொடுக்கும் முன்...

கோரல்டிராவில் நீங்கள் அழகாக வடிவமைத்த திருமண அழைப்பிதழ், அச்சகத்துக் கம்ப்யூட்டரில் புரியாத எழுத்துகளாகத் தெரியலாம். அச்சான பிறகு கண்டால் காகிதமும் பணமும் வீண். எனவே கீழ்க்கண்டவற்றைச் சரிபாருங்கள்.

1. பாண்ட்: நீங்கள் பயன்படுத்திய தமிழ் பாண்ட் அங்கே இல்லாவிட்டால் எழுத்துகள் மாறிவிடும். முதலில் பைலை வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். அந்தப் பிரதியில் கண்ட்ரோல் + ஏ, பிறகு கண்ட்ரோல் + க்யூ அழுத்துங்கள். எழுத்துகள் வெறும் கோட்டு வடிவங்களாகிவிடும், பாண்ட் தேவைப்படாது. ஆனால் அதன்பின் எழுத்துப்பிழையைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது. எனவே மூல பைலை அழித்துவிடாதீர்கள்.

2. நிறம்: மானிட்டர் சிவப்பு, பச்சை, நீல ஒளியால் படம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் அச்சிடுகிறது. ஆகவே படங்களை சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றிப் பாருங்கள். பளிச்சென்ற பச்சையும் நீலமும் சற்று மங்கும்.

3. போட்டோ: அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 4 x 6 அங்குலப் படத்துக்கு 1200 x 1800 பிக்சல். சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் தெளிவு கூடாது.

4. ஓரம்: பின்னணி நிறத்தை வெட்டும் கோட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் 3 மி.மீ. நீட்டுங்கள். இல்லையேல் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும். எழுத்துகளைக் கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே வையுங்கள்.

இறுதியாகப் பிடிஎப் பைலாக்கி, ஒரு மாதிரிப் பிரதி வாங்கி, பெயர், தேதி, நேரம் பார்த்த பின்பே அச்சிடச் சொல்லுங்கள்.