ஏரியும் ஊர்தியும்

சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் காவேரிப்பாக்கம். தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்று அங்குளது. மழைக்காலத்தில் பாலாற்றில் பெருகிவரும் நீரைக் கால்வாய் வழியே பெற்றுத் தேக்கி, வேண்டுங்கால் வயல்களுக்கு அளிப்பது அதன் பயன்.

அச்சாலையில் ஓடும் ஊர்திகள் சிலவற்றினுள்ளும் இத்தகைய ஏரி ஒன்று உண்டு. ஊர்தியைத் தடையிட்டு நிறுத்துங்கால் அதன் ஆற்றல் வெப்பமாகி வீணாகும். கலப்பின ஊர்தியோ, அவ்வாற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக்கி மின்கலத்தில் சேர்த்து வைக்கும். மீண்டும் புறப்படுங்கால் அம்மின்சாரம் பெட்ரோல் பொறிக்குத் துணை நிற்கும்; எரிபொருட் செலவு குறையும்.

ஜப்பானியரின் டொயோட்டா நிறுவனம் 1997-ஆம் ஆண்டில் பிரியஸ் என்னும் கலப்பின ஊர்தியை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஹோண்டா நிறுவனம் 1999-இல் இன்சைட் என்பதனை வெளியிட்டுப் போட்டியில் இறங்கியது. இந்தியாவில் அப்போட்டி 2022-இல் வலுப்பெற்றது. அவ்வாண்டில் வந்த ஹோண்டா சிட்டி, சோதனையில் லிட்டருக்கு 26.5 கிலோமீட்டர் ஓடியது. மாருதி சுசுகியின் கிராண்ட் விட்டாரா 27.97 கிலோமீட்டரை எட்டியது.

நிறுவனங்கள் போட்டியிடினும் பயன் மக்களுக்கே. ஆயினும், சோதனையிற் கண்ட சிக்கனம் சாலையில் மெய்யாவது ஓட்டுவோர் கையிலேயே உள்ளது. ஏரி நிறைந்ததென்று அறிவுடைய உழவர் மடையைத் திறந்தே வைப்பரோ? வையார். சேமித்ததை அளவறிந்து செலவிடுதலே சிக்கனமாகும்.