டியூஐ கேஸ்: ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன்

அமெரிக்காவில் எச்1பி விசாவில் வேலை பார்ப்பவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய குற்றத்துக்காக (டியூஐ) கைதானால் முதலில் ஜெயிலை நினைத்துத்தான் பயப்படுவார். முதல் தடவை, யாருக்கும் அடிபடவில்லை என்றால், அது பெரும்பாலும் ஒரு ராத்திரியோடு சரி. உண்மையில் பயப்பட வேண்டியது அங்கே எடுக்கும் கைரேகைக்கு. அது எஃப்பிஐ பதிவுகளுக்குப் போகும். அங்கிருந்து விசா கொடுக்கும் துறையின் கண்ணிலும் படும். கடந்த ஐந்து வருடத்துக்குள் டியூஐ கைது இருந்தால் தூதரகமே விசாவை ரத்து செய்யலாம் என்ற நடைமுறை 2015 நவம்பரில் வந்தது. தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கைதே போதும். பல பேருக்கு ஒரு மின்னஞ்சல்தான் வருகிறது. பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியபடியே இருக்கும், ஆனால் செல்லாது.

இதனால் அன்றைக்கே வேலை போய்விடாது. ரத்தாவது நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதி மட்டுமே. தங்கும் காலத்தைச் சொல்லும் ஐ-94 பதிவு இருக்கும்வரை தங்கலாம், வேலை பார்க்கலாம். சாதாரண டியூஐக்காக யாரையும் உடனே நாடு கடத்துவதும் வழக்கமில்லை. ஆனால் கஞ்சா போன்ற போதைப்பொருள் கலந்தால் கதையே வேறு. மாநிலம் அதை அனுமதித்திருந்தாலும் குடிவரவு விஷயத்தில் மத்தியச் சட்டம்தான் பேசும்.

சிக்கல் ஊருக்குக் கிளம்பும்போதுதான் ஆரம்பிக்கும். தங்கை கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன் என்று சென்னைக்கு வந்துவிட்டால், திரும்பிப் போகப் புது விசா வேண்டும். நேர்காணல் உண்டு. டிஎஸ்-160 படிவத்தில் 'எப்போதாவது கைதானதுண்டா' என்ற கேள்வி உண்டு. ஐந்து வருடத்துக்குள் ஒரு கைதோ, பத்து வருடத்துக்குள் இரண்டோ இருந்தால் தூதரகம் அங்கீகரித்த டாக்டரிடம் அனுப்புவார்கள். குடிப்பழக்கம் நோயாக இருக்கிறதா, அதனால் ஆபத்து உண்டா என்று அவர் பார்ப்பார். நோய் என்று எழுதிவிட்டால், பழக்கம் விட்டு 12 மாதம் ஆனபிறகே பேச்சு. அதுவரை அமெரிக்காவில் வீட்டு வாடகை ஓடும், கார் தவணை ஓடும். இங்கிருந்தே வேலை பார்க்கிறேன் என்றால் பல கிளையன்ட்கள் லேப்டாப்பை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகவே விடமாட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடிக்க யாராவது யோசனை சொன்னால் அவர் நண்பரே அல்ல. ஒரு டியூஐயைத் தாண்டிவிடலாம். பொய் சொல்லி மாட்டினால் வருவது ஆயுள் தடை. கேஸ் தள்ளுபடியானாலும், பதிவை நீதிமன்றம் அழித்திருந்தாலும் 'ஆம்' என்றே போடுங்கள். கோர்ட்டில் முத்திரையிட்ட இறுதி உத்தரவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைதான மறுநாளே செய்ய வேண்டியதும் உண்டு. கலிஃபோர்னியாவில் போலீஸ் லைசென்ஸை வாங்கிக்கொண்டு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு தாள் தரும். 30 நாளைக்கு அதுதான் உங்கள் லைசென்ஸ். விசாரணை கேட்டு, லைசென்ஸ் தரும் துறையான டிஎம்விக்கு 10 நாளுக்குள் சொல்லாவிட்டால், கோர்ட் தேதி வரும் முன்பே லைசென்ஸ் முடங்கும். அந்தப் பத்தில் சனி, ஞாயிறும் சேர்த்தி. பஸ் எட்டிப்பார்க்காத புறநகரில் இருந்துகொண்டு ஆபீஸுக்கு எப்படிப் போவீர்கள்?

வக்கீல் இரண்டு பேர் வேண்டும். கிரிமினல் வக்கீல் பேரம் பேசி, குற்றத்தைக் குறைத்து, 'வெட் ரெக்லெஸ்' (குடி சம்பந்தப்பட்ட அஜாக்கிரதை ஓட்டம்) என்று முடித்துத் தருவார். கோர்ட் கணக்கில் அது நல்ல பேரம்தான், ஆனால் விசா அதிகாரி பார்ப்பது கைதை. ஆகவே ஒப்புக்கொள்ளும் முன் குடிவரவு வக்கீலிடம் காட்டுங்கள். அவர் உங்கள் காசில் வைத்த வக்கீலாக இருப்பது நல்லது. கம்பெனி வக்கீல் கம்பெனிக்கும் வக்கீல் என்பதால், அவரிடம் சொன்னது எச்ஆர் காதுக்கும் போகலாம். எச்ஆரிடம் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டுமா என்பதற்கு வேலை ஒப்பந்தத்தைப் படியுங்கள். சிலவற்றில் கைதைத் தெரிவிக்க வேண்டும் என்றே இருக்கும்.

கிரீன் கார்டு வரிசையில் அலுத்துப்போய்க் கனடாவை மாற்று வழியாக வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2018 டிசம்பர் 18 முதல் அங்கே குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது கடுங்குற்றம், அதிகபட்சத் தண்டனை 10 வருடம். வெளிநாட்டில் வந்த ஒரே ஒரு தண்டனைகூட எல்லையில் நிறுத்திவிடும். தண்டனை முழுதும் முடிந்து ஐந்து வருடம் கழித்தே மறுவாழ்வுக்கு விண்ணப்பிக்கலாம். விசா ஸ்டாம்பிங்குக்காக டொராண்டோ போய்வரலாம் என்ற பழைய உத்தியும் இவர்களுக்கு உதவாது.

இன்னும் விமானமே ஏறாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னையில் டிடி (குடித்துவிட்டு வண்டி ஓட்டிய) கேஸில் மாட்டி 10,000 ரூபாய் கட்டியவர்கள் 'ஃபைன்தானே' என்று மறந்துவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய அபராதம் தண்டனைக் கணக்கில் வரும். நம் ஊர் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களிலும் கனடாவிலும் 80. உங்கள் அளவு இரண்டுக்கும் நடுவில் இருந்திருந்தால் கனடா விண்ணப்பத்தில் அது வாதமாகவே நிற்கலாம். மூச்சுச் சோதனைக் கருவி துப்பிய சீட்டையும் கோர்ட் ரசீதையும் தொலைத்திருந்தால், நகல் கேட்டு இப்போதே மனுப் போடுங்கள்.