திறந்த புட்டியில் என்ன நடக்கிறது?

காரைக்கால் பக்கம் தென்னந்தோப்புகளில் பாளைகளில் கட்டிய கலயங்களைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் உரிமம் பெற்ற கடைகளில் அது விற்கப்படுகிறது. கள் நாம் குடிப்பதற்கு உரியதல்ல. ஆனால் வேதியியல் படிக்க இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது!

பாளை சீவியதும் சொட்டும் சாறு நன்றாக இனிக்கும். கலயத்தில் விழுந்ததுமே ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள சர்க்கரையை எத்தில் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றத் தொடங்குகின்றன. நுரை பொங்குவது அதனால்தான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் ஈஸ்ட் பெருகாது. சாறு பதநீராகவே நிற்கும். தடவாவிட்டால் கள். அதையும் ஓரிரு நாள் விட்டுவைத்தால் மூக்கைத் துளைக்கும் காடியாகிவிடும். மரம் ஏறுபவர் அன்றைய கள்ளை அன்றே விற்றாக வேண்டும், மீந்தது நஷ்டம்.

காடியாவதற்குக் காற்று தேவை. அசெட்டிக் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக்குகின்றன. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1860-களில் இதை விளக்கினார். திராட்சை மதுவைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்தும் சோதித்தார். சிலவற்றை முழுதும் நிரப்பினார். சிலவற்றில் காற்றுக்கு இடம் விட்டார். காற்றிருந்த குழாய்களில் மட்டும் நிறம் மாறி வண்டல் படிந்தது.

அப்படியானால் திறந்து வைத்த விஸ்கி ஏன் காடியாவதில்லை? இந்திய விஸ்கியில் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால். அதில் பாக்டீரியா பிழைக்காது. ஆனாலும் நாளடைவில் மணமும் சுவையும் மங்கும். பழவாசனை தரும் எஸ்டர்கள் போன்றவை எளிதில் ஆவியாகக்கூடியவை. அவை திரவத்திலிருந்து மேலேயுள்ள காற்றுக்கு வந்து, மூடியைத் திறக்கும்போதெல்லாம் வெளியேறுகின்றன. உள்ளே புகும் ஆக்சிஜனும் சில சேர்மங்களை மெதுவாக மாற்றுகிறது. (விஸ்கி புட்டியில் முதிரும் என்பார்கள். அது தவறு, முதிர்வது மரப்பீப்பாயில்தான்.) கள்ளுக்கு ஒரு நாள், இதற்கு மாதங்கள்.

திரவம் குறையக் குறைய மாற்றம் விரைவாகும். 750 மி.லி. புட்டியில் 250 மி.லி. மீந்திருந்தால், மேலே 500 மி.லி. காற்று, அதில் ஏறத்தாழ 100 மி.லி. ஆக்சிஜன். வீட்டில் மீந்த காப்பித்தூளைச் சின்ன டப்பாவுக்கு மாற்றுகிறார்களே, அதுவும் இந்தக் கணக்குத்தான். புட்டியில் 50 மி.லி. மட்டுமே மீந்திருந்தால், ஒவ்வொரு மில்லிலிட்டர் திரவத்துக்கும் கிடைக்கும் ஆக்சிஜன் முன்னதைப்போல் எத்தனை மடங்கு? கணக்கிட்டுப் பாருங்கள். (விடை: 7)