நகலெடுத்த மென்பொருளும் ஹலாலான சம்பாத்தியமும்

ஓசூரில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் சகோதரர் ஒருவர் என்னிடம் தனியாக வந்து உட்கார்ந்தார். சிப்காட் பக்கம் சிறிய லேத் பட்டறை வைத்து, பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகங்கள் கடைந்து கொடுப்பவர். “ஹஜ்ரத், டிராயிங் போடும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கவில்லை. நண்பரிடமிருந்து காப்பி எடுத்துப் போட்டேன். ஐந்து வருடமாக அதில்தான் வேலை ஓடுகிறது. நான் பிள்ளைகளுக்குப் போடும் சோறு ஹலாலா?” என்று கேட்டார்.

அவர் ஒருவருடைய கேள்வி அன்று இது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வாங்கும்போதே கடைக்காரர் எல்லாவற்றையும் ‘போட்டுக்’ கொடுத்துவிடுகிறார். நாமும் கேட்பதில்லை. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலாவதாக, ‘காப்பி எடுத்தால் அசல் அவனிடமே இருக்கிறதே, இது எப்படித் திருட்டாகும்?’ என்கிறார்கள். கைவெட்டும் தண்டனைக்குரிய திருட்டு இதுவல்ல என்பது உண்மை. ஆனால் பொருள் குறைந்ததா என்பதோடு மார்க்கம் நின்றுவிடுவதில்லை. உடையவன் சம்மதித்தானா என்றும் கேட்கிறது. ஒருவர் மற்றவர் பொருளை முறைகேடாக உண்ணக் கூடாது, பரஸ்பர சம்மதத்துடன் நடக்கும் வியாபாரமே ஆகும் என்பது திருமறையின் 4:29 வசனத்தின் கருத்து. மேலும், அந்த நண்பர் மென்பொருளை வாங்கும்போது ‘பிறருக்குக் கொடுக்கமாட்டேன்’ என்ற நிபந்தனைக்குச் சம்மதித்தே வாங்கினார். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது 5:1 வசனத்தின் கட்டளை. அவர் வாக்கை மீறினார். வாங்கியவர் அதற்குத் துணை போனார்.

இரண்டாவதாக, ‘கல்வியை மறைக்கக் கூடாதே’ என்பார்கள். இந்தக் காரணத்தை முன்வைத்து, நூல் பதிப்புரிமையை விற்பது கூடாது என்று நம் நாட்டின் பெரிய உலமாக்கள் சிலர் முன்பு கூறியதுண்டு. பின்னர் இது ஆழமாக ஆராயப்பட்டது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை உரியவருக்கே சொந்தமானவை, ஷரீஅத் அவற்றைப் பாதுகாக்கிறது, அவற்றில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்தது. தான் கற்ற வித்தையை ஒருவர் பிறருக்குச் சொல்லிக் கொடுக்க யாதொரு தடையும் இல்லை. பலர் உழைத்து உருவாக்கி விலைக்கு வைத்த பொருளை எடுத்துக்கொள்வது வேறு.

மூன்றாவதாக, ‘அது அந்நிய நாட்டுப் பணக்காரக் கம்பெனிதானே!’ என்பர். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்ட வேளையில், தங்களைக் கொல்லத் துணிந்த மக்காவாசிகளின் அமானிதங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். பகைவனின் ஹக்கே அப்படிப் பேணப்பட்டதென்றால், நமக்குத் தீங்கு செய்யாதவனின் ஹக்கைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-ல் கம்ப்யூட்டர் புரோகிராமும் சேர்க்கப்பட்டது. 1994-ன் திருத்தத்தில் வந்த 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வியாபார நோக்கமில்லாவிட்டால் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமிருக்கிறது. முறைப்படி வாங்கியவர் பாதுகாப்புக்காக ஒரு நகல் எடுத்து வைப்பதையும் சட்டம் அனுமதிக்கிறது.

இனி, அந்தச் சகோதரரின் சோறு? ஷாஃபிஈ ஃபிக்ஹ் நூல்களில் இதற்கு நெருக்கமான ஒரு மஸ்அலா இருக்கிறது. பிறர் வலையை அபகரித்து ஒருவன் வேட்டையாடினால், வேட்டைப் பொருள் அவனுக்கே உரியது. ஆனால் அபகரித்த பாவம் அவன் மீது இருக்கும். வலைக்குரிய வாடகையும் உடையவனுக்குச் சேர வேண்டிய கடனாகும். அவ்வாறே, இரும்பைக் கடைந்த உழைப்பின் கூலி அவருக்கு ஹராமாகிவிடவில்லை. ஆனால் மென்பொருள் உடையவனின் ஹக் அவர் கழுத்தில் நிற்கிறது. தவ்பாச் செய்து, அந்த நகலை அழித்து, உரிமத்தை விலைக்கு வாங்கிவிடுவதே அதைத் தீர்க்கும் நேரான வழி. அடியார்களின் ஹக் வெறும் இஸ்திஃக்ஃபாரால் தீராது.

‘அவ்வளவு பணம் இல்லையே’ என்பவருக்கும் அல்லாஹ் வாசலை மூடிவிடவில்லை. உடையவர்களே ‘நகலெடுங்கள், பிறருக்கும் கொடுங்கள்’ என்று அனுமதித்த மென்பொருள்கள் இருக்கின்றன. லினக்ஸ், எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபீஸ், டிராயிங் போட ஃப்ரீகேட் ஆகியவற்றைத் தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு எச்சரிக்கை: சில கம்பெனிகள் மாணவர்களுக்குப் படிப்புக்கென்று மட்டும் இலவசமாகக் கொடுக்கின்றன. பாலிடெக்னிக்கில் படிக்கும் மகனுக்குக் கிடைத்ததைத் தகப்பனார் பட்டறையில் ஓட்டுவதும் நிபந்தனை மீறலே.

தாய்மார்களே! பிள்ளை புதிதாக ஏதேனும் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், “இதற்கு உடையவர் அனுமதி உண்டா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பக்கத்து வீட்டு முருங்கைக்காயைக் கேட்காமல் பறிக்க விடாத நாம், இதை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்?

அந்தச் சகோதரர் எழுந்து போகும்போது, “சிறிது சிறிதாகவேனும் முடித்துவிடுகிறேன், துஆச் செய்யுங்கள்” என்றார். அவருக்கும் நம் அனைவருக்கும் அல்லாஹ் தூய்மையான ரிஜ்க்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.