ஊறுகாய்ப் புல்லில் புரதத்தைக் காப்போம்



நமது அறக்கட்டளை மூலம் கறவை மாடு பெற்ற குடும்பங்கள், மழைக்காலத்தில் மிஞ்சும் கம்பு நேப்பியர் புல்லைக் கோடைக்காக ஊறுகாய்ப் புல்லாக, அதாவது சைலேஜாகப் போட்டு வைக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் புல்லோடு அதன் புரதமும் சேமிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அது கெட்டால் பால் குறையும். புண்ணாக்குச் செலவு ஏறும்.

புல்லை அறுத்ததுமே அதிலுள்ள நொதிகள் புரதத்தைச் சிதைக்கத் தொடங்குகின்றன. அதிக ஈரத்தோடு மூட்டை கட்டினால் கிளாஸ்ட்ரிடியம் என்னும் தீய பாக்டீரியா பெருகி, சிதைந்ததை அமோனியாவாக்கும். ஆய்வுக்கூடத்தில் நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கியே புரத அளவைச் சொல்கிறார்கள். அமோனியாவிலும் நைட்ரஜன் உண்டு. ஆகவே அறிக்கையில் எண் குறையாமலேயே தரம் குறைந்திருக்கலாம். மாட்டின் வயிற்றில் மிதமிஞ்சும் அமோனியா யூரியாவாகி மூத்திரத்தில் போய்விடும்.

இதைத் தடுக்க இரண்டு வழிகள்:

1. வாட்டுதல்: பனி காய்ந்ததும் அறுத்து, பரப்பி, ஒருமுறை புரட்டிவிட்டு, அஸர் நேரத்தில் பாருங்கள். நறுக்கிய புல்லைக் கையில் இறுக்கிப் பிடித்தால் சாறு சொட்டக் கூடாது. கை ஈரமானால் போதும். ஈரம் 65 முதல் 70 சதவீதம் இருந்தால் தீய பாக்டீரியா எளிதில் பெருகாது. நாள் கணக்கில் வாட்டினால் நொதிகள் வேலையைத் தொடரும். அதிகம் காய்ந்த புல்லை அமுக்க முடியாது. காற்று தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

2. நல்ல பாக்டீரியா: லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் போன்றவை சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும். புளிப்பு விரைவாக ஏறினால் நொதிகளும் தீய பாக்டீரியாவும் அடங்கும். நம் புல்லில் சர்க்கரை குறைவு. எனவே 100 கிலோவுக்கு 2 கிலோ மொலாசஸ் கலந்து, பொட்டலத்தில் சொன்ன அளவில் பாக்டீரியாத் தூளைக் கரைத்துச் சீராகத் தெளியுங்கள். பிறகு காற்றுப் புகாமல் மிதித்து மூடுங்கள். புளிப்பேற்றித் தீவனம் காக்கும் முறைக்காகவே பின்லாந்து விஞ்ஞானி விர்டானென் 1945இல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்விரண்டும் புரதத்தைக் காக்குமே தவிரக் கூட்டாது. முற்றிய புல்லில் இல்லாத சத்து மூட்டைக்குள் வராது. ஆகவே 45 நாளுக்கு ஒருமுறை அறுத்துவிடுங்கள். திறக்கும்போது இதமான புளிப்பு மணம் வந்தால் நல்லது. மூத்திர நெடியோ, அழுகல் நாற்றமோ வந்தால் புரதம் கெட்டிருக்கிறது. பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்குப் போடாதீர்கள்.

ஜகாத், ஸதகாவில் வந்த இந்த மாடுகள் நம்மிடம் உள்ள அமானிதம். அவற்றின் தீவனத்தை வீணாக்காமல் காப்பதும் அதில் சேரும். அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.